சமீராவின் பக்கத்துக் கதிரை

சமீராவைக் கண்டுபிடித்தவள் நான். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பிறகு வந்தவர்களுக்கு இது தெரியாது, தெரிந்தாலும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

மெல்பேணில், பிரன்ஸ்விக் பக்கம், பெண்களுக்கு உடுப்புத் தைக்கும் ஒரு தொழிற்சாலையில் நான் கொலர் தைத்துக்கொண்டிருந்தேன். யாழ்ப்பாணத்தில் கணக்குப் படிப்பித்தவள் நான். என் கணவர் இரத்தினசிங்கத்துக்கு ரயில்வேயில் வரைபட வேலை கிடைத்தது, எனக்குக் கிடைத்தது கொலர். சாப்பாட்டு அறையில் கிரேக்கப் பெண்களுக்கு ஒரு மேசை, இத்தாலியப் பெண்களுக்கு ஒரு மேசை. நான் ஜன்னலோரத்தில் தனியாக இருந்து சோறும் பருப்பும் தின்பேன். பல மாதம் அப்படியே போனது.

ஒருநாள் எகிப்துக்காரி ஒருத்தி வந்து என் டப்பாவுக்குள் எட்டிப் பார்த்தாள். கதிரையை இழுத்துப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள். கேளாமலே ஒரு கரண்டி எடுத்து வாயில் போட்டாள்.

"என்ரை அம்மா வைக்கிற பருப்பு மாதிரியே இருக்கு. உப்புத்தான் குறைவு" என்றாள்.

அவள்தான் சமீரா. பேசியது உடைந்த இங்கிலீஷ். ஆனால் அவள் சொன்னதெல்லாம் என் காதில் எங்கள் ஊர்த் தமிழாகத்தான் விழுந்தது, அப்படியே எழுதுகிறேன். என் சமையலில் உப்புக் குறைவு என்று சொல்ல என் கணவருக்கே துணிவில்லை. அந்தத் துணிவுக்காகவே எனக்கு அவளைப் பிடித்துப்போனது. அடுத்த நாளிலிருந்து இரண்டு பேருக்குப் பருப்புக் கொண்டு போனேன். இந்த நாட்டில் என் பெயரைச் சுருக்கி "சிவா" என்று கூப்பிட ஒருத்தி கிடைத்தாள். சிவமணி என்று முழுதாகக் கூப்பிட்டவர் வீட்டில் பத்திரிகைக்குப் பின்னால் இருந்தார்.

எழுபத்து மூன்றாம் ஆண்டுக் குளிர்காலத்தில் எஸ்தர் வந்தாள்.

அவளைப் பொத்தான் துளை தைக்கும் இயந்திரத்தில் இருத்தினார்கள். முதல் நாளே ஊசி முறிந்தது. அவள் அரபு மொழியில் ஒரு கெட்ட வார்த்தை சொன்னாள். இரண்டு வரிசை தள்ளியிருந்த சமீரா இயந்திரத்தை நிறுத்திவிட்டு எழுந்து நின்று சிரித்தாள். அவ்வளவுதான். இரண்டு பேரும் அலெக்சாந்திரியாவில் பிறந்தவர்களாம். கடற்கரைக்குப் போகும் ஒரே ட்ராமில் ஏறியவர்களாம். எஸ்தர் யூதப் பெண். ஐம்பத்தாறாம் ஆண்டுச் சண்டையோடு அவளுடைய குடும்பத்தை எகிப்திலிருந்து வெளியேற்றிவிட்டார்கள். இஸ்ரேலுக்குப் போய், அங்கே கல்யாணம் கட்டி, இங்கே வந்து சேர்ந்திருக்கிறாள். தம்பி மட்டும் இன்னும் இஸ்ரேலில்.

அன்று மத்தியானம் எங்கள் மேசைக்கு மூன்றாவது கதிரை வந்தது. ஒரு கிழமைக்குள் அந்த மூன்றாவது கதிரை என்னுடையதாகிவிட்டது. அவர்கள் அரபியில் கதைத்துச் சிரித்தார்கள். நடுவில் என் பெயர் மட்டும் எனக்கு விளங்கியது. என்னைப் பற்றி நல்லதாகத்தான் சொல்லியிருப்பார்கள். அதுவும் எனக்கு எரிச்சலாகவே இருந்தது.

புரட்டாதி பிறந்து சில நாளில் சமீரா ரமழான் நோன்பு தொடங்கினாள். பகலில் சாப்பாடு இல்லை. எஸ்தர் சாப்பாட்டு அறையில் மற்றவர்களோடு சாப்பிட, சமீரா பின்வாசல் படியில் போய் இருந்தாள். எனக்கு அது போதும். விரதம் எனக்குப் புதிதா? வெள்ளி, செவ்வாய், கந்தசஷ்டி எல்லாம் சின்ன வயதிலிருந்தே பிடித்து வந்தவள். "நானும் உன்னோடை பிடிக்கிறன்" என்று சொல்லிவிட்டுப் படியில் பக்கத்தில் போய் இருந்தேன். சமீராவின் கண் கலங்கியது. அந்த நிமிடம் நான் வென்றுவிட்டேன்.

பிறகு ஒரு வாழைப்பழத்தை உரித்தேன். போத்தலில் கொண்டுவந்த பாலையும் குடித்தேன்.

"இது என்ன?" என்றாள் சமீரா.

"விரதம்."

"பால் குடிச்சுக்கொண்டோ?"

"பாலும் பழமும் எடுக்கலாம். தண்ணி குடிக்கலாம்."

சமீரா விழுந்து விழுந்து சிரித்தாள். சிரிப்புச் சத்தம் கேட்டு எஸ்தர் வந்தாள். அவளுக்கும் சொன்னாள். வெள்ளிக்கிழமை மத்தியானம் அது. எஸ்தர், "நாளைக்கு எங்கடை பெரிய விரதம். இண்டைக்குப் பொழுதுபட்டால் நாளைக்குப் பொழுதுபடுமட்டும் பச்சைத் தண்ணியும் இல்லை" என்றாள்.

"எங்கடை மாதிரி" என்றாள் சமீரா.

எங்கடை மாதிரி! நாளைக்குப் புரட்டாதிச் சனி, எனக்கும்தான் விரதம் என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் எங்கள் சனிக்கிழமை விரதத்தில் மத்தியானம் ஒரு நேரச் சோறு உண்டு. வாயை மூடிக்கொண்டேன். அந்தச் சனிக்கிழமை வீட்டில் எள்ளெண்ணெய் விளக்கு ஏற்றினேன், சோறு தின்னவில்லை, தண்ணீரும் குடிக்கவில்லை. சனீஸ்வரனுக்காக அல்ல.

ஞாயிறு காலை என் கணவர் வானொலியைத் திருகிக்கொண்டிருந்தார்.

"இஞ்சரும், எகிப்துக்கும் இஸ்ரேலுக்கும் சண்டை தொடங்கீட்டுது. எகிப்து சூயஸ் கால்வாயைக் கடந்திட்டுது. அங்காலை சிரியாவும் இறங்கீட்டுது. நாப்பத்தெட்டு, அம்பத்தாறு, அறுபத்தேழு, இப்ப இது."

"உண்மையாவோ?" என்று குசினியிலிருந்து ஓடி வந்தேன்.

"உமக்கு ஏன் இவ்வளவு சந்தோசம்?" என்றார்.

சந்தோசம்தான். மனிதர் சாகிறார்கள் என்று தெரியாமல் இல்லை. தெரிந்துதான் சந்தோசப்பட்டேன். இனி அவள் ஒரு மேசை, இவள் ஒரு மேசை. யார் வென்றால் எனக்கென்ன, என் கதிரை எனக்குத் திரும்பிவிடும்.

திங்கட்கிழமை இடைவேளையில் இரண்டு பேரும் நின்றபடியே சண்டை பிடித்தார்கள். கிரேக்க மேசையும் இத்தாலிய மேசையும் சாப்பாட்டை விட்டுவிட்டுப் பார்த்தன. எல்லாம் அரபியில். எனக்கு ஒரு சொல் விளங்கவில்லை. உடுப்புக்கு இஸ்திரி போடும் லெபனான்காரர் என் பக்கத்தில் நின்றார், அவரைக் கேட்டேன்.

"அவ சொல்லுறா, ஒரு சூட்கேசோடை எங்களைக் கலைச்சனீங்கள், எங்கடை வீடு இன்னும் அங்கை நிக்குது எண்டு. இவ சொல்லுறா, என்ரை பெரியப்பான்ரை மகன் அறுபத்தேழிலை சினாய்க்குப் போனவன், எலும்பும் திரும்பி வரேல்லை எண்டு" என்றார்.

நான் ஆசைப்பட்ட சண்டை அது. அதிலும் எனக்கு இடம் இல்லை. அதைக்கூட ஒருவர் மொழிபெயர்த்துத் தர வேண்டியிருந்தது.

அதன்பிறகு அவர்கள் பேசவில்லை. சமீரா என்னோடு படியில் இருந்தாள். அவளுடைய தம்பி கால்வாயைக் கடந்த படையில் இருந்தான். எஸ்தரின் தம்பி சினாயில் டாங்கியில் இருந்தான். ஒருவேளை இரண்டு தம்பிமாரும் எதிரெதிரே நிற்கிறார்களோ என்ற பயம் இருவருக்கும் இருந்தது. சமீரா என் பக்கத்தில் இருந்தாலும் கண் முழுக்க உள்ளே, எஸ்தரின் இயந்திரத்தில்தான் இருந்தது.

"சிவா, அவள் சாப்பிட்டவளோ? ஒருக்காப் பாத்திட்டு வா" என்பாள்.

போய்ப் பார்ப்பேன். கை கழுவுமிடத்தில் எஸ்தர் என்னைப் பிடித்துக்கொள்வாள். "அவளின்ரை தம்பியைப் பற்றி ஏதும் வந்ததோ? நான் கேட்டதெண்டு சொல்லிப்போடாதை."

இப்படி நான் அவர்களுக்குத் தபால்காரியானேன். அவர்கள் பேசாமல் இருந்தபோது, பேசிய காலத்தைவிட அதிகமாக ஒருத்தியை ஒருத்தி நினைத்தார்கள். சண்டை வந்தும் எனக்கு ஒரு சதத்துக்குப் பிரயோசனம் இல்லை. ஆத்திரத்தில் நான் நோன்பை இறுக்கினேன். பால் இல்லை, பழம் இல்லை, தண்ணீரும் இல்லை. எஸ்தர் ஒரு நாள் பிடித்ததை நான் ஒவ்வொரு நாளும் பிடித்துக் காட்டுவேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டு தைத்தேன்.

ஒருநாள் பின்னேரம் கண் இருட்டியது. கொலரோடு சேர்த்து என் விரலையும் இயந்திரத்துக்குள் தள்ளிவிட்டேன். ஊசி நகத்தின் வழியாக இறங்கி முறிந்தது. நான் கத்தியதுதான் தெரியும். முதலில் ஓடி வந்தவள் எஸ்தர். இடுக்கியால் ஊசித் துண்டைப் பிடுங்கினாள். சமீரா தண்ணீரோடு வந்து, தான் காலையிலிருந்து ஒரு துளி குடிக்காதவள், கிளாசை என் உதட்டில் வைத்தாள்.

"குடி. இது உன்ரை நோன்பு இல்லை. ஆருக்காகப் பிடிக்கிறாய்?"

"உனக்காக" என்றேன். இங்கிலீஷில் சொன்னபடியால் வெட்கம் குறைவாக இருந்தது.

அவள் என் கன்னத்தைத் தடவினாள். பிறகு எஸ்தர் கட்டுப்போட்ட விதத்தைப் பார்த்து ஏதோ சொன்னாள். எஸ்தர் திருப்பிச் சொன்னாள். என் விரலை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு, என் தலைக்கு மேலால் அரபியில் வாக்குவாதப்பட்டார்கள். அவ்வளவு நாளுக்குப் பிறகு அவர்கள் பேசிய முதற்பேச்சு அது. என் இரத்தத்தைச் செலவழித்து நானே சேர்த்து வைத்தேன்.

சண்டை ஓய்ந்தது. நோன்பு முடிந்த கிழமை சமீராவுக்குத் தந்தி வந்தது. தம்பி உயிரோடு இருக்கிறான். அதை எனக்கு மட்டும் காதோடு சொன்னாள். "அவளுக்குச் சொல்லாதை. அவளுக்கு இன்னும் ஒண்டும் வரேல்லை." சமீராவின் இரகசியம் ஒன்று எனக்கே எனக்கென்று கிடைத்தது. அதை இரண்டு நாள் அனுபவித்தேன். மூன்றாம் நாள் எஸ்தர் வேலைக்கு வரவில்லை. அவளுடைய தம்பி சண்டையின் தொடக்கத்திலேயே டாங்கியோடு எரிந்துபோனானாம். செய்தி இப்போதுதான் வந்து சேர்ந்திருக்கிறது.

நானும் சமீராவும் இரண்டு ட்ராம் மாறிக் கோல்ஃபீல்டுக்குப் போனோம். செத்தவீட்டில் அடுப்பு மூட்ட மாட்டார்கள் என்று நான் பருப்பும் சோறும் கட்டிக்கொண்டு போனேன். அங்கே யூதர்களின் துக்க முறைப்படி கண்ணாடியைத் துணியால் மூடியிருந்தார்கள். எஸ்தர் உயரம் குறைந்த ஒரு கட்டைக் கதிரையில் இருந்தாள். சமீரா எங்கிருந்து வந்தவள் என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும். ஒரு கிழவர் எழுந்து அடுத்த அறைக்குப் போனார். சமீரா அதைக் கவனிக்காதவள் போல எஸ்தரின் காலடியில் தரையில் உட்கார்ந்தாள்.

பிறகு எஸ்தர் மெல்ல ஒரு சொல் கேட்டாள். சமீரா தலையைக் குனிந்தபடி ஆட்டினாள். எனக்கு மொழி தேவைப்படவில்லை. "உன்ரை தம்பி?" என்று அவள் கேட்டாள், "இருக்கிறான்" என்று இவள் சொன்னாள். எஸ்தர் சமீராவின் தலையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு சத்தம் போட்டு அழுதாள். சமீராவும் அழுதாள்.

நான் மூலையில் சோற்றுப் பொட்டலத்தோடு இருந்தேன். என் தம்பிமார் எல்லோரும் கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் சுகமாக இருந்தார்கள். அந்த நேரம் எனக்கு அது ஒரு குறைபோலத் தோன்றியது. எனக்கும் ஒரு சண்டை இருந்திருந்தால், எனக்கும் ஒருவன் போயிருந்தால், அந்த மடியில் எனக்கும் இடம் இருந்திருக்கும். அப்படி நினைத்தவுடன் என்மேல் எனக்கே பயம் வந்தது. பொட்டலத்தைக் கதிரையில் வைத்துவிட்டு எழுந்தேன். எங்கள் பக்கம் செத்தவீட்டில் "போட்டு வாறன்" என்று சொல்வதில்லை. சொன்னால், இன்னொரு சாவுக்கு வருகிறேன் என்றாகிவிடும். ஒருவரிடமும் ஒன்றும் சொல்லாமல் இறங்கி வந்துவிட்டேன்.

மறுநாள் சமீரா என் மேசைக்கு வந்து நின்றபடியே கேட்டாள்.

"ஒரு வார்த்தை சொல்லாமல் எழும்பிப் போனாய். அந்த வீட்டிலையுமோ உன்ரை பொறாமை?"

அப்படியென்றால் அவளுக்கு முதலிலிருந்தே எல்லாம் தெரிந்திருக்கிறது.

"அது எங்கடை பழக்கம், சமீரா. செத்தவீட்டிலை..."

"உனக்கு எல்லாத்துக்கும் ஒரு பழக்கம் இருக்கும். பால் குடிச்சு விரதம் பிடிக்கிற மாதிரி" என்று சொல்லிவிட்டு இத்தாலிய மேசைக்குப் போனாள். அந்தக் கிழமை முழுக்க என் பக்கத்துக் கதிரை சும்மா கிடந்தது. பருப்பைத் திருப்பி வீட்டுக்குக் கொண்டு போனேன். என் கணவர், "என்ன, சிநேகிதி கோவமோ?" என்று ஒருநாள் கேட்டார். நான் அவரோடும் கோபித்துக்கொண்டேன்.

துக்கம் முடிந்து எஸ்தர் வந்தாள். மத்தியானம் நேரே என் மேசைக்கு வந்தாள். நான் எழுந்து நின்றேன்.

"எஸ்தர், அண்டைக்கு நான் சொல்லாமல் போனது..."

"தெரியும்" என்றாள். "எங்கடை ஆக்களிலையும் அப்படித்தான். துக்க வீட்டிலை வாங்கோவும் இல்லை, போட்டு வாறனும் இல்லை. வேலைத்தலத்துச் சனமெல்லாம் வாசலிலை நிண்டு கையாட்டிச் சீ யூ எண்டு சொல்லிப்போட்டுப் போனவை. முறையாய் எழும்பிப் போனது நீ ஒருத்திதான். உனக்கு ஆர் சொல்லித் தந்தது?"

உலகத்தில் யாரை நான் கரித்துக் கொட்டினேனோ அவளுக்குத்தான் நான் விளங்கியிருந்தேன். அவள் சமீராவின் கதிரையை இழுத்து உட்கார்ந்து, கேளாமலே என் டப்பாவிலிருந்து ஒரு கரண்டி எடுத்தாள். "எங்கடை மாதிரி" என்றாள், என்னைப் பார்த்து.

இத்தாலிய மேசையிலிருந்து சமீரா எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முகம் எனக்கு நன்றாகத் தெரியும். புரட்டாதி முழுக்க நான் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்த முகம். கொஞ்ச நேரம் பொறுத்தாள். பிறகு எழுந்து வந்து, மூன்றாவது கதிரையைத் தானே இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "என்ன கதைக்கிறியள் ரண்டு பேரும்?" என்று கேட்டாள்.

பருப்பை அவள் பக்கம் தள்ளினேன். உடனே இல்லை. கொஞ்சம் சுணங்கித்தான்.