கொட்டாரம் சந்தைக்குப் போன பத்துக் கழுத்துகள்

2006 சித்திரையில், குழுக்கடனுக்குக் கையெழுத்துப் போட்ட மறுநாள், சகாயசெல்வியின் தலையிலிருந்த மீன் நிறைந்த அலுமினியச் சருவத்தின் எடை பத்தில் ஒன்றாகக் குறைந்தது. சுனாமி அவள் கணவன் மரியஜானின் வள்ளத்தைக் கொண்டுபோயிருந்தது. வீட்டுப் பத்திரம் வட்டிக்காரர் பெட்டியில் கிடந்தது. கழுத்தெலும்பு தேய்ந்துவிட்டது, இனிச் சுமக்கக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். மீன் நாறுகிறதென்று பஸ்ஸில் ஏற்றவும் மாட்டார்கள். சின்னமுட்டத்திலிருந்து கொட்டாரம் சந்தைக்குச் சுமந்து நடந்தால் வீடு மிஞ்சும், இல்லாவிட்டால் தெருதான்.

குறைந்த எடை எங்கே போயிற்று என்பது அன்றைக்கே தெரிந்துவிட்டது. குழுவில் பத்துப் பெண்கள். ஒருத்தி தவறினால் மற்றவர்கள் கட்டுவதாக எழுதிக் கொடுத்தவர்கள். சகாயசெல்வி சருவத்தைத் தூக்கிய நேரத்தில், ஆப்பக்கடை ராஜபாயின் தலையிலும், தையல் மிஷினில் இருந்த ஜெனிலாவின் தலையிலும், மற்றவர்கள் தலையிலும் ஆளுக்கொரு பங்கு இறங்கியது. முதல் வெள்ளிப் பூசையில் அவர்கள் கழுத்துகள் ஒன்றாகத் தாழ்ந்ததைச் சாமியார் தம் பிரசங்கத்தின் பலன் என்று நினைத்துக்கொண்டார், பாவம். சந்தைத் தராசில் மட்டும் மீன் தன் எடையைச் சரியாகக் காட்டியது. வியாபாரத்தில் ஒரு கோளாறும் இல்லை.

ராஜபாய் அடுப்பு மூட்டினால் சகாயசெல்விக்கும் வியர்த்தது. ஜெனிலா பாவாடை தைத்து முடித்தால் எல்லோருக்கும் கால் உளைந்தது. அதனால் யாரும் யாருக்கும் உபகாரம் செய்ததாகப் பேசவில்லை. சகாயசெல்வி தினம் இரண்டு நடை போனாள். ஆப்பக்கடையில் இரண்டாவது அடுப்பு வந்தது. 2008-இல் பழைய பாக்கி முழுவதும் தீர, வட்டிக்காரரே பத்திரத்தைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, காப்பி குடிக்காமல் போனார். ஊரே ரசித்தது.

2010-இல் கடைசித் தவணையும் கட்டியாயிற்று. மறுநாள் காலை சகாயசெல்வி துறைமுகத்தில் நிறைந்த சருவத்தின் முன் தூக்காமல் நின்றாள். பயமாக இருந்தது. முழு எடையும் திரும்பினால் கழுத்து தாங்காது. மற்ற ஒன்பது பேரும் வேலையைப் போட்டுவிட்டு வந்துவிட்டார்கள்.

“கடன் தீந்து போச்சே மைனி. இனி நீங்க எதுக்கு எஞ்சொமைய சொமக்கணும்?” என்றாள் சகாயசெல்வி.

“தூக்கு மக்கா,” என்றாள் ராஜபாய். “காலம்பற அந்தப் பாரம் எறங்கலேன்னா எனக்கு ஆப்பம் வேகாது.”

தூக்கினாள். ஒன்பது கழுத்துகள் லேசாகத் தாழ்ந்தன. அழுதுகொண்டே கொட்டாரம்வரை நடந்தாள். அன்று மீன் நல்ல விலைக்குப் போனது.

அடுத்த கடனில் ஒரு லோடு ஆட்டோ வாங்கினார்கள். அவளை ஏற்றாத பஸ்ஸை அது தினமும் முந்திக்கொண்டு போகிறது. மேட்டில் ஏறும்போது பத்துப் பேருக்கும் கொஞ்சம் மூச்சு வாங்கும்; மற்றபடி நல்ல வண்டி.