பிளஸ்ஸியின் விண்வெளிக் கவசம்

என் கை சும்மா இருக்காது. அடுத்தவர் செய்கிற வேலையில் மூக்கை நுழைத்து, இரண்டு திட்டு திட்டி, நானே செய்து முடித்தால்தான் எனக்குச் சோறு இறங்கும். அதற்கெல்லாம் சேர்த்துப் போன டிசம்பரில் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

என் மகள் பிளஸ்ஸி நாகர்கோவிலில் காலேஜ் இரண்டாம் வருஷம். அங்கே ஒரு போட்டி. பிடித்த சினிமாவிலிருந்து ஒரு காட்சியை, வீட்டுச் சாமான்களை மட்டுமே வைத்துத் திரும்ப எடுத்து அனுப்ப வேண்டும். அவள் ஓர் ஆங்கில விண்வெளிப் படத்தைப் பிடித்துக்கொண்டாள். தலைக்கவசத்துக்குள் காற்று தீர்ந்து ஒருத்தி தவிக்கிற காட்சி அது.

ஒரு வாரம் வீட்டில் ஒரு சாமான் தப்பவில்லை. இருபது லிட்டர் தண்ணீர் கேனின் வாய்ப்பக்கத்தை அறுத்து எறிந்துவிட்டு, மீதியைத் தலையில் கவிழ்த்தாள். பெயின்ட் வாளி மூடியில் கழுத்தளவு ஓட்டை போட்டு, இரண்டாகப் பிளந்து, கேனின் அறுத்த விளிம்பில் எட்டு ஸ்குரு போட்டு முறுக்கினால் கழுத்து வளையம் தயார். குக்கர் விசில், பழைய ரிமோட்டின் பட்டன், வாஷிங் மெஷின் குழாய் எல்லாம் அதில் ஏறின. சினிமாவில் இருந்ததைப் பக்கத்தில் வைத்தாலும் வித்தியாசம் தெரியாது. ஆனால் வாய் திறந்து நான் பாராட்டவில்லை.

எனக்கு இரண்டு குறை தெரிந்தது. கவசத்தின் பின்பக்கம் இரண்டு துளைகள் இருந்தன. டிரில் கை தவறிவிட்டது என்று நானே முடிவுகட்டி, படமெடுப்பதற்கு முந்தின நாளே எம்-சீல் வைத்து அடைத்து, மேலே வெள்ளிப் பெயின்ட் அடித்துவிட்டேன். அவளிடம் சொல்லவில்லை. அடுத்த குறை கழுத்தில். இடைவெளியை செல்லோடேப் ஒட்டி மறைத்திருந்தாள்.

“இது என்ன வேல ஏட்டி? காத்து ஒழுகாதா? இஞ்ச காட்டு.”

எங்கள் அருமனைப் பக்கத்தில் எது ஒட்டவில்லை என்றாலும் கை ரப்பர் பாலுக்குத்தான் போகும். நான் ரப்பர் மரம் வெட்டுகிறவன்; காலையில் வெட்டிய பால் வாளியில் இருந்தது. கவசத்தை அவளுக்கு மாட்டி, பனியன் துணியைக் கிழித்துப் பாலில் முக்கி, வளையத்தையும் கழுத்தையும் சேர்த்து மூன்று சுற்று சுற்றினேன். அது தானாகக் காய நேரமாகும். எனக்கு ஏது பொறுமை? ரப்பர் ஷீட் அடிக்கப் பால் உறைவதற்காக ஊற்றுகிற ஆசிட்டைத் தண்ணீரில் கலந்து துணிமேல் தடவிவிட்டேன்.

“அப்பா, மூக்கு எரியுது.” கேனுக்குள்ளிருந்து குரல் அமுங்கி வந்தது.

“கொஞ்சம் பொறு மக்கா. செட்டாவட்டு.”

போனைச் சுவரில் சாய்த்து வைத்துப் படமெடுக்க ஆரம்பித்தேன். பிளஸ்ஸி நெஞ்சைப் பிடித்தாள். மூச்சு படிந்து கேன் மங்கியது. உள்ளங்கையால் கேனை அடித்தாள், முட்டி மடங்கித் தரையில் விழுந்தாள்.

“அடிபொளி!” என்று நான் கைதட்டினேன்.

சத்தம் கேட்டு அடுக்களையிலிருந்து வந்த என் மனைவி பிரிஜா அலறினாள். “இஞ்ச பாருங்க, பிள்ள நடிக்கல்ல! முகம் நீலிச்சுக் கெடக்கு!”

அப்போதுதான் அந்த இரண்டு துளைகளும் மண்டையில் ஏறின. கேமராவில் தெரியாதபடி மூச்சு விடுவதற்காக அவள் பின்னால் போட்டவை அவை. எனக்கு வாழ்க்கையில் பயம் வந்ததே இல்லை என்று சொல்லித் திரிந்தவன் நான். கர்த்தரே, கர்த்தரே என்பதைத் தவிர வாயில் ஒன்றும் வரவில்லை.

துணியைப் பிடித்து இழுத்தேன். உறைந்த ரப்பர் நீண்டது, விட்டதும் திரும்பக் கழுத்தைக் கவ்வியது. எட்டு ஸ்குரு கழற்ற நேரமில்லை. பிளஸ்ஸி என் வேட்டியைக் கெட்டியாகப் பிடித்திருந்தாள். அந்த விரல்களைப் பிரித்துவிட்டு, ஷீட் அடிக்கிற கொட்டகைக்கு ஓடினேன்.

பால்வெட்டுக் கத்தியோடு திரும்பி வந்தபோது அவள் கேனை அடிப்பதை நிறுத்தியிருந்தாள். பிரிஜா தலையை அசையாமல் பிடித்துக்கொண்டாள். இருபது வருஷமாக மரத்துக்கு வலிக்காமல் பட்டை சீவுகிற கத்தியை என் பிள்ளையின் கழுத்தில் வைத்தேன். துணிக்கும் தோலுக்கும் நடுவில் என் இடது விரலைத் திணித்து, அதன்மேலேயே கத்தியை இழுத்தேன். ரத்தம் வழிந்தது. யாருடையது என்று தெரியாமலே இழுத்தேன். மூன்றாவது சுற்று அறுந்ததும் வளையம் கழுத்தை விட்டு விலகிக் காற்றுக்கு வழி விட்டது, பிளஸ்ஸி ஒரு மூச்சை உள்ளே இழுத்தாள்.

ரத்தம் என் விரலுடையதுதான். ஆஸ்பத்திரியில் அவளுக்கு ஆக்சிஜன் வைத்தார்கள், எனக்கு நாலு தையல் போட்டார்கள். சாயங்காலம் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

கட்டிலில் அம்மா மேல் சாய்ந்திருந்த பிளஸ்ஸிக்குத் தம்ளரில் வெந்நீர் கொண்டுபோய் நீட்டினேன். அவள் பின்னால் நகர்ந்தாள். கழுத்தைச் சுற்றிச் சிவந்து கிடந்தது.

“நான் பிடிச்ச கைய எடுத்துட்டு நீங்க ஓடினிய,” என்றாள். “பயந்து என்னை விட்டுட்டுப் போறியன்னு நினைச்சேன்.”

“கத்தி எடுக்கப் போனேன் மக்கா.”

“எனக்குத் தெரியாதுல்லாப்பா.”

பிரிஜா என் கையிலிருந்து தம்ளரை வாங்கி நீட்டினாள். பிளஸ்ஸி அதை வாங்கிக் குடித்தாள்.