நாற்பத்து மூன்று பொட்டும் ஒரு சாவியும்

1.

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இது கதையாக இருக்க வேண்டியதே இல்லை. 'புது வீட்டைக் கைக்கு வாங்கும் முன் கவனிக்க வேண்டிய பத்து விஷயங்கள்' என்று ஒரு விளம்பர மலருக்குக் கட்டுரை கேட்டார்கள். வீடுகளைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம், மழை வந்தால் என் வாடகை வீட்டில் எந்த மூலையில் வாளி வைக்க வேண்டும் என்பதுதான். இருந்தும் தலையாட்டிவிட்டேன்.

மூன்றாவது விஷயம் வரை சரியாகத்தான் போனது. 'குளியலறையில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றுங்கள். அது வடிகாலைத் தேடிப் போகிறதா, ஹாலைத் தேடி வருகிறதா என்று பாருங்கள்.' இதை எழுதும்போது வாளியைத் தூக்க ஒரு கை தேவைப்பட்டது. கை வந்தது, அதில் இரண்டு கண்ணாடி வளையல் இருந்தது, பின்னாலேயே ஆளும் வந்துவிட்டாள்.

"பத்து பாயின்ட் கேட்டேன். நீங்க ஒரு பொம்பளைய அனுப்பி வச்சிருக்கீங்களே?" என்று மலர் ஆசிரியர் திருப்பி அனுப்பிவிட்டார். நியாயம்தான். அவளை உங்களிடம் அனுப்புகிறேன்.

2.

தொடக்கம் ஒன்று: தொழிற்சாலைகளின் இரைச்சலுக்கு நடுவே, நம்பிக்கையின் ஒளியாக அந்த வீடு—

வேண்டாம். விளம்பர மலர் வாடை இன்னும் போகவில்லை.

தொடக்கம் இரண்டு: பிழைப்புத் தேடி வடக்கே வந்த பாவப்பட்ட சுகப்பிரியா—

இதை அவள் படித்தால் என்னை ரிஜெக்ட் பெட்டியில் போட்டுவிடுவாள். அதுதான் அவள் வேலை. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் செல்போன் செய்யும் கம்பெனி ஒன்றில் ஆறு வருடமாகக் குறை பார்க்கிறாள். ஒரு போனுக்கு ஏழு நொடி. கீறல் இருந்தால் அந்த இடத்தில் சிவப்புப் புள்ளி ஸ்டிக்கர் ஒட்டித் தள்ளிவிட வேண்டும்.

தொடக்கம் மூன்று, இது நிற்கட்டும்:

2011 வைகாசியில் ஒரு புதன்கிழமைக் காலை, சுகப்பிரியா ஐந்து அட்டை ஸ்டிக்கர் பொட்டு, ஒரு கோலிக்குண்டு, ஒரு செல்போன் சார்ஜர், ஒரு வாளி ஆகியவற்றோடு சேரப்பணஞ்சேரியில் ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்கினாள்.

பொட்டு எதற்கு என்று கேட்காதீர்கள். கம்பெனி ஸ்டிக்கரை வெளியே கொண்டுவர முடியாது. பொட்டும் சிவப்பு, அதுவும் ஒட்டும்.

3.

புது வீடு வரிசை வீடு. எட்டும் ஒரே அச்சு, ஒரே மஞ்சள். கதவில் எண் எழுதும் பெயின்டர் இன்னும் வரவில்லை. அவளுடையது ஐந்தாவது.

புருஷன் அருள்பாண்டிக்கு ஒரகடத்தில் காலை ஷிப்ட், லீவு கிடைக்கவில்லை. ஆகவே தனியாகத்தான் வந்திருந்தாள். மேஸ்திரி நரசிம்மன் தண்ணீர்த்தொட்டி ஓரமாகக் காத்திருந்தார். ஒரு கையில் சாவி, மறுகையில் 'வீட்டைக் குறையின்றிப் பெற்றுக்கொண்டேன்' என்று டைப் அடித்த கடிதம்.

"கையெழுத்த போட்டுக்கினு சாவிய வாங்கிக்கோம்மா. நாளையிலேர்ந்து நமக்கு தண்டலத்துல வேல."

"பாக்காம எப்படி அண்ணாச்சி போட?"

"வூட்ல பாக்கறதுக்கு இன்னா கீது? வூடுதான் கீது."

"அப்போ வீட்டையே பாத்துட்டு வாரேன்" என்று சாவியை மட்டும் வாங்கிக்கொண்டாள். மேஸ்திரி டீ குடிக்கப் போனார். வெள்ளிக்கிழமை பால் காய்ச்ச வேண்டும். கையெழுத்துப் போட்டால் மேஸ்திரியை அப்புறம் பிடிக்க முடியாது. போடாவிட்டால் சாவியைத் திருப்பிக் கேட்பார், பால் பொங்காது.

(இங்கே அவளுக்கு என்ன வேண்டும் என்று சொல்லியாக வேண்டும். பெரிய வீடெல்லாம் அவள் கேட்கவில்லை. கல்யாணத்துக்கு முன்னால் ஐந்து வருடம் ஹாஸ்டலில் பத்துப் பெண்களோடு ஓர் அறையில் இருந்தவள். வார்டன் இடுப்பில் எல்லா அறைக்கும் சாவி தொங்கும். நினைத்தபோது திறந்து, "சும்மா செக்கிங்" என்பார். கல்யாணமான பின் வாடகை அறையில் ஹவுஸ் ஓனரிடமும் ஒரு சாவி உண்டு. தான் திறந்தால் மட்டுமே திறக்கும் கதவு ஒன்று வேண்டும், அவ்வளவுதான். இதை அவள் அருள்பாண்டியிடம்கூடச் சொன்னதில்லை. எனக்கு எப்படித் தெரியும்? கதை எழுதுகிறவனிடமும் எல்லா அறைக்கும் சாவி உண்டு.)

4.

ஐந்தாவது கதவில் சாவியைப் போட்டாள். வழுக்கிக்கொண்டு திறந்தது. அவளுக்கு அப்படியொரு சந்தோஷம்.

பிறகு வேலை. தரையில் கோலியை வைத்தாள். அது யோசிக்காமல் சமையலறைக்கு உருண்டது. ஒரு பொட்டு. ஒரு ரூபாய்க் காசால் டைல்ஸ்களைத் தட்டிக்கொண்டே போனாள். ஏழு இடத்தில் உள்ளே வெற்றிடம் என்று சத்தம் சொன்னது. ஏழு பொட்டு. ஒவ்வொரு பிளக்கிலும் சார்ஜரைச் சொருகினாள். இரண்டில் உயிர் இல்லை. ஜன்னல் கதவு ஒன்று மூட மறுத்தது, இன்னொன்று மூடியபின் திறக்க மறுத்தது. குளியலறையில் வாளியைக் கவிழ்த்தாள். தண்ணீர் கொஞ்சம் தயங்கிவிட்டு ஹாலுக்கே வந்து அவள் காலை நனைத்தது. அதற்கு மட்டும் மூன்று பொட்டு.*

இரண்டு மணி நேரத்தில் நாற்பத்து மூன்று. வீடு முழுக்க நெற்றிகள்.

*மலர் ஆசிரியர் கவனத்துக்கு: இந்தப் பத்தியிலேயே ஐந்து விஷயங்கள் இருக்கின்றன. கேட்டதில் பாதி தேறிவிட்டது.

5.

கடைசிப் பொட்டை வைத்துக்கொண்டிருந்தபோது வாசல் கதவு சாவி போட்டுத் திறக்கப்பட்டது. டீக்கடையில் மேஸ்திரியிடம் சாவி வாங்கி வந்த ஒரு நடுவயது அம்மாவும் அவர் கணவரும். கையில் சிலுவை மாட்ட ஆணி, சுத்தியல்.

அந்த அம்மாள் அற்புதமேரி. சுவரைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார், நெற்றியே வெறுமையாக இருந்த தன் கணவரைப் பார்த்தார்.

"இன்னாங்க இது? நம்ம வூட்டு செவுத்துக்கெல்லாம் யாரு பொட்டு வெச்சது?"

"உங்க வீடா?" சுகப்பிரியா கையிலிருந்த பொட்டு அட்டையை இறக்கினாள். "அஞ்சாம் நம்பர்லா இது?"

"நாலு. மெயின் ரோட்லேர்ந்து எண்ணணும்மா" என்றார் கணவர் செல்வநாதன். சுகப்பிரியா தண்ணீர்த்தொட்டிப் பக்கமிருந்து எண்ணியிருந்தாள்.

(இந்த இடத்தில் ஒரு சண்டையை எழுதிப் பார்த்தேன். 'எங்க வீட்டுக்குப் பொட்டு வைக்க நீ யார்' என்று அற்புதமேரி— இல்லை. அவருக்குச் சண்டை வரவில்லை. நான்கு முறை முயன்றேன், நான்கு முறையும் சிரித்துவிட்டார்.)

"மன்னிச்சிருங்கக்கா, தெரியாம வச்சுட்டேன். ஒவ்வொண்ணும் ஒரு குறை. எடுத்துருதேன்."

"எடுக்காத! அப்டியே இருக்கட்டும். அந்த ஆளு வந்து பாக்கட்டும். எங்களுக்கு இதெல்லாம் எங்கேம்மா தெரியும்? பெயின்ட் நல்லா கீதுன்னு கையெழுத்து போட்ருப்போம்."

சுகப்பிரியாவும் சிரித்தாள். பாதியில் சிரிப்பு நின்றது. கையிலிருந்த சாவியைப் பார்த்தாள்.

"அக்கா, என் சாவி உங்க கதவைத் தொறந்துச்சே."

6.

மூன்று பேரும் வெளியே வந்து வரிசையாகப் போட்டுப் பார்த்தார்கள். ஒன்று, திறந்தது. இரண்டு, மூன்று, திறந்தது. எட்டு வரை திறந்தது. எட்டாவது கதவை அவள் இரண்டு முறை பூட்டித் திறந்து பார்த்தாள்.

டீ குடித்துத் திரும்பிய மேஸ்திரி ஒன்றும் அலட்டிக்கொள்ளவில்லை. "எட்டு பூட்டும் ஒரே பொட்டியில வாங்கினதும்மா. நல்லதுதானே? சாவி தொலஞ்சா பக்கத்து வூட்ல கேட்டு வாங்கிக்கலாம்."

"டைல்ஸ அப்புறம் மாத்துங்க. தண்ணி ஹாலுக்கு வந்தா துடைச்சுக்கிடுதேன். பூட்ட இன்னைக்கே மாத்தணும்."

"இன்னாம்மா, அதுல இன்னா கீது?"

"ஆறு வருசமா எங் கதவுக்கு வேற யார்ட்டயாவது ஒரு சாவி இருக்கு அண்ணாச்சி!" சாவியை அவர் முன் நீட்டினாள். "இதுக்கும் இருந்தா, இது எதுக்கு எனக்கு?"

மேஸ்திரி கடிதத்தை மடித்தார். பிறகு விரித்தார்.

"எனுக்கும் மாத்து" என்றார் அற்புதமேரி. "மாத்தாம நானும் போட மாட்டேன்."

மேஸ்திரி முணுமுணுத்துக்கொண்டே வண்டியை எடுத்துக்கொண்டு ஒரகடம் ஹார்டுவேர் கடைக்குப் போனார். திரும்பி வரும்போது இரண்டு பூட்டு, இரண்டும் வேறு வேறு கம்பெனி. அவரே திருப்புளியால் மாட்டினார். மற்ற ஆறும் சாயங்காலத்துக்குள் என்று சத்தியம் செய்தார்.

சுகப்பிரியா தன் சாவியை அற்புதமேரியின் கதவில் போட்டாள். திரும்பவில்லை. அற்புதமேரி தன் சாவியை அவள் கதவில் போட்டு, இரண்டு கையாலும் முறுக்கிப் பார்த்தார்.

"ஊஹும்மா. வர்ல."

அந்த 'வர்ல'வைக் கேட்டதும் சுகப்பிரியா அழுதேவிட்டாள். அழுதுகொண்டே சிரித்தாள்.

7.

இனி முடிவு. மூன்று வைத்திருக்கிறேன்.

அ) புதுப் பூட்டுக்கு மூன்று சாவி. ஒன்று அவளுக்கு, ஒன்று அருள்பாண்டிக்கு, மூன்றாவதை அவள் அற்புதமேரியின் கையில் தானாகவே— ரொம்ப இனிப்பு. மலர் ஆசிரியருக்குப் பிடிக்கும்.

ஆ) மிச்சமிருந்த பன்னிரண்டு பொட்டு அவள் வீட்டுக்குப் போதாமல் அற்புதமேரி தன் கைப்பையைத் திறந்து, போன வருடத்து கிறிஸ்துமஸ் நட்சத்திர ஸ்டிக்கர்களை— நட்சத்திரம் நன்றாகத்தான் இருக்கிறது. யோசிக்கிறேன்.

இ) உள்ளே எல்லாம் சரியாக இருக்கிறது, கையெழுத்துப் போடுகிறாள், வெள்ளிக்கிழமை பால் பொங்கி—

எதுவானாலும் உள்ளே போய்ப் பார்த்தால்தான் எழுத முடியும். தன் வீட்டை இன்னும் பார்க்காத அவளும் அதற்குத்தான் கிளம்பினாள். தன் வீட்டு வாசலில் நின்று காலிங் பெல்லை அழுத்தினாள். குருவி கத்தியது. "இது சரி" என்றாள். மேஸ்திரி பின்னாலேயே வந்தார்.

"நீங்க இங்கனயே நில்லுங்க அண்ணாச்சி. நான் பாத்துட்டுக் கூப்பிடுதேன்."

கோலி, சார்ஜர், வாளி, ஒரு அட்டைக்கு மேல் மிச்சப் பொட்டு. உள்ளே போனாள், கதவைச் சாத்தினாள். உள்ளிருந்து சாவி இரண்டு சுற்றுச் சுற்றும் சத்தம் கேட்டது.

நான் வழக்கம்போல் நுழையப் பார்த்தேன். சமையலறை மேடை எப்படி, கோலி எந்தப் பக்கம் ஓடுகிறது, அவள் முதலில் எந்த அறைக்குப் போகிறாள், முகம் எப்படி இருக்கிறது? ஒன்றும் தெரியவில்லை. என் சாவி இந்தப் பூட்டில் நுழையவே இல்லை. மூன்று சாவியும் அவளிடம் இருக்கின்றன.

மேஸ்திரி கடிதத்தால் விசிறிக்கொண்டு படியில் உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் நானும் உட்கார்ந்துவிட்டேன். முடிவு தெரிய வேண்டும் என்றால் நீங்கள் மணியை அடித்துப் பாருங்கள், அது வேலை செய்கிறது. கதவைத் திறப்பதும் திறக்காததும் அவள் இஷ்டம்.