பெரிய பட்டை

கர்ப்பிணிகள் பிரிவில் அந்த நர்ஸுக்கு ‘எடைக்காரம்மா’ என்று பெயர். வருகிறவர்களை முதலில் எடைமெஷினில் ஏற்றுவாள். முள் நிற்பதற்குள் திட்டு ஆரம்பமாகிவிடும்.

“உடம்பு ஏற ஏற பிரஷரும் ஏறும். வாயைக் கட்டுங்கம்மா!”

சொல்கிறவளுக்கே இப்போது ஏழாம் மாதம். கர்ப்பத்துக்கு முன்பே தொண்ணூறு கிலோ. அவளை மெஷினில் ஏறச் சொல்லும் தைரியம் அங்கே யாருக்கும் கிடையாது. மாதாமாதம் அளவு எழுதும் தன் கர்ப்ப அட்டையைத் தானே நிரப்பிக்கொள்வாள். போன மாதம் ஒருமுறை தன் பிரஷரைப் பார்த்தாள்; கூடுதலாகக் காட்டியது. தடித்த கையில் பிரஷர் மெஷினின் சின்னப் பட்டையைக் கட்டினால் அளவு கூடத்தான் காட்டும் என்று படித்திருந்தாள். அந்தப் படிப்பையே சாக்காக வைத்து, நூற்றிருபதுக்கு எண்பது என்று எழுதிவிட்டாள்.

அன்று காலை பஸ் ஓட்டுகிற பெண்ணொருத்தி வந்தாள். எட்டு மாதம், நல்ல வாட்டசாட்டம். எடைக்காரம்மா பொரிந்து தள்ளியதையெல்லாம் கேட்டுவிட்டு அவள் மெதுவாகக் கேட்டாள்.

“சரி சிஸ்டர். நீங்க ஏன் வெறுங்காலோட நிக்கிறீங்க?”

“செருப்பு நுழையல. மாசமா இருந்தா கால் வீங்காதா?”

“முகமும் வீங்கியிருக்கு. வந்ததுலேர்ந்து நெத்தியைப் பிடிச்சுக்கிட்டே இருக்கீங்க. பிரஷர் பாத்தீங்களா?”

“எனக்கு இந்தப் பட்டை பத்தாது.”

“பெரிய பட்டை இல்லையா?”

இருந்தது. அலமாரியில், உறை பிரிக்காமல். மேலிடத்துக்கு மூன்று கடிதம் எழுதி அதை வரவழைத்தவளே எடைக்காரம்மாதான்.

டிரைவர் போய் டாக்டரம்மாவைக் கையோடு அழைத்து வந்தாள். பெரிய பட்டை நூற்றெழுபதுக்கு நூற்றுப்பத்து காட்டியது. சிறுநீரில் புரதமும் இறங்கியிருந்தது. டாக்டர் அட்டையைப் புரட்டினார். எல்லா மாதமும் ஒரே அளவு.

“என் உடம்புதான் காரணமா டாக்டர்?” என்று கேட்டாள் எடைக்காரம்மா.

“எடை இருந்தா வர வாய்ப்பு கூடும், அவ்வளவுதான். ஒல்லியா இருக்கறவங்களுக்கும் வருது. ஒழுங்கா அளந்திருந்தா போன மாசமே மருந்து ஆரம்பிச்சிருப்பேன்.”

அப்போதே படுக்கையில் சேர்த்தார்கள். மூன்று வாரம் மருந்தில் தள்ளினார்கள். அதற்குமேல் முடியாமல் ஆபரேஷன். பெண் குழந்தை, இரண்டு கிலோகூட இல்லை. இருந்தாலும் வார்டே அதிரும்படி அழுதாள்.

டிரைவருக்குக் குறித்த நாளிலேயே சுகப்பிரசவம். எடைக்காரம்மாவைவிட அவள் நாலு கிலோ கூடுதல். பிரஷர் மட்டும் கடைசிவரை இம்மி பிசகவில்லை. செய்தி கேட்ட எடைக்காரம்மாவுக்கு மனசார சந்தோஷம். கொஞ்சம் எரிச்சலும்தான்.