ஈர விரல்

எறும்புக்கு மூக்கில்தான் ஏதோ கோளாறு என்று எல்லாரும் முடிவு கட்டியிருந்தார்கள். இரண்டரை வயதுப் பெண் குழந்தை. எதையாவது இழுத்துக்கொண்டே வீடு முழுக்க ஊர்ந்து திரிவதால் அப்பா அவளுக்கு வைத்த பெயர் அது. பகலில் ஒரு குறையும் இல்லை. இரவில் கண்ணயர்ந்த கொஞ்ச நேரத்துக்கெல்லாம் திணறிக்கொண்டு எழுவாள். தேம்பித் தேம்பி அடங்குவாள். மறுபடி தூங்குவாள், மறுபடி எழுவாள்.

டாக்டர் மூக்கைப் பார்த்தார், தொண்டையைப் பார்த்தார், நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார். சளிகூட இல்லை, வளர வளரச் சரியாகிவிடும் என்றார். பிறகு அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, நீங்கள்தான் கொஞ்சம் தூங்க வேண்டும் என்றார். தூக்கம் கடையில் விற்றால் அவள் எப்போதோ வாங்கியிருப்பாள்.

அவள் கணவனுக்கு பேக்கரியில் அடுப்பு வேலை. இருட்டும்போது கிளம்பி, வெயில் ஏறியதும் சட்டையெல்லாம் ரொட்டி வாசத்தோடு திரும்பி வந்து படுப்பான். அதனால் இரவுகள் முழுக்க அவளுடையவை. அதில் அவளுக்கு ஒரே ஒரு பெருமை இருந்தது. எறும்பு அழுது அவளை எழுப்பியதாக ஒரு நாளும் கிடையாது. முதல் திணறல் கேட்கும்போதே அவள் குழந்தையின் கட்டிலருகே நின்றுகொண்டிருப்பாள். எப்போது எழுந்தாள், எப்படி நடந்து வந்தாள் என்று அவளுக்கே தெரியாது. அக்காவிடம் போனில் இதைச் சொன்னபோது, "பெத்தவளுக்கு உள்ளுக்குள்ளயே மணி அடிக்கும்டி" என்றாள் அக்கா. அதைக் கேட்க அவளுக்கு நன்றாக இருந்தது.

மற்றபடி எல்லாம் குளறுபடிதான். சீப்பை ஃபிரிட்ஜுக்குள் வைத்துவிட்டு வீடெல்லாம் தேடினாள். பஸ்ஸில் இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போனாள். வேலையில் மட்டும் ஒரு பிசகும் வரவில்லை. சைக்கிள் டியூப் செய்யும் தொழிற்சாலையில் அவளுக்குக் காற்றுக் கசிவு பார்க்கும் வேலை. ஊதிய டியூப்பைத் தொட்டித் தண்ணீரில் அமுக்கினால் பெரிய ஓட்டை குமிழி விட்டுக் காட்டிக்கொடுத்துவிடும். வால்வின் அடியில் இருக்கும் நுண்ணிய கசிவு அப்படிச் சிக்காது. அதற்கு மோதிர விரலை நாக்கில் நனைத்து வால்வைச் சுற்றி மெல்லப் பிடிக்க வேண்டும். ஈர விரலில் சில்லென்று பட்டால் காற்று போகிறது என்று அர்த்தம். உடனே கட்டைவிரலால் அந்த இடத்தை அடைக்க வேண்டும். காற்று நின்றதா என்று பார்த்து, நின்ற பிறகுதான் விரலை எடுத்து, மஞ்சள் மெழுகுப் பென்சிலால் ஒரு வட்டம் போட்டு, ஒட்டுப் போடும் கூடையில் எறிய வேண்டும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் சூப்பர்வைசர் கற்றுக்கொடுத்த முறை. இப்போது அதைச் செய்ய அவளுக்குக் கண்கூட வேண்டாம்.

தொட்டிக்கு எதிர்ப்பக்கம் நிற்பவள், இவள் நின்றபடியே கண் சொருகுவதையும் கை பாட்டுக்கு ஓடுவதையும் பார்த்துச் சிரிப்பாள். "நாளையிலருந்து கைய மட்டும் வேலைக்கு அனுப்பு. நீ வீட்டுல படுத்துத் தூங்கு. யாருக்கும் வித்தியாசம் தெரியாது."

ஒரு மதியம் குழந்தைகள் காப்பகத்திலிருந்து போன் வந்தது. உடம்புக்கு ஒன்றுமில்லை, ஆனால் நேரில் வந்து பார்க்க வேண்டும் என்றாள் அங்கே குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயா. இவள் அரை நாள் விடுப்பு சொல்லிவிட்டு ஓடினாள்.

காப்பகத்தில் குழந்தைகள் தூங்கும் நேரம். ஆயா உதட்டில் விரலை வைத்து, தூங்கும் அறைக் கதவின் கண்ணாடி வழியாகப் பார்க்கச் சொன்னாள். திரை இழுத்துவிட்ட அறையில் பாய்கள் வரிசையாகக் கிடந்தன. பிள்ளைகள் கைகால் பரப்பித் தூங்கினார்கள். எறும்பு மட்டும் மல்லாந்து படுத்து, கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்தாள்.

அவள் நடையில் விளையாட்டு இல்லை. வரிசையின் முதல் பாயருகே குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். மோதிர விரலை நாக்கில் நனைத்தாள். தூங்கும் பையனின் மூக்கடியில் விரலை நீட்டி, தலையைச் சாய்த்துக் காத்திருந்தாள். அடுத்த பாய்க்கு நகர்ந்தாள். அங்கேயும் அப்படியே. மூன்றாவது பாயில் காப்பகத்திலேயே சின்னக் கைக்குழந்தை கிடந்தது. அதன் மூக்கடியில் விரல் நீண்ட நேரம் நின்றது. பிறகு எறும்பு கட்டைவிரலை எடுத்து அந்தச் சின்ன மூக்கின் மேல் வைத்து அழுத்தினாள்.

ஆயா கதவைத் தள்ளிக்கொண்டு பாய்ந்தாள். அதற்குள் எறும்பு விரலை எடுத்துவிட்டு, கைக்குழந்தையின் கன்னத்தில் சுட்டுவிரலால் ஒரு வட்டம் போட்டு முடித்திருந்தாள்.

வாசலில் ஆயா கோபப்படவில்லை. அதுதான் இவளுக்குப் பயமாக இருந்தது. "மூணு நாளாப் பாக்குறேம்மா. முதல்ல தொட்டுத் தொட்டுப் பாக்குறான்னு நெனச்சேன். இன்னிக்குத்தான் அமுக்கினா. அந்தப் பிஞ்சுக்கு ஏதாவது ஆனா நான் யாருக்குப் பதில் சொல்றது? கொஞ்ச நாளைக்கு வீட்டுலயே வெச்சுக்க. இத எங்க கத்துக்கிட்டான்னு மட்டும் பாரு."

எங்கே கற்றாள் என்று பார்க்க வேண்டிய அவசியம் இவளுக்கு இல்லை. மோதிர விரல், கட்டைவிரல், வட்டம். ஒன்றும் விட்டுப்போகவில்லை. ஆனால் எறும்பு தொழிற்சாலையைப் பார்த்ததே கிடையாது. குழந்தைகளை உள்ளே விடமாட்டார்கள். வீட்டில் ஒரு டியூப்கூட இல்லை.

பஸ்ஸில் எறும்பை மடியில் வைத்துக்கொண்டு, ஜன்னலைப் பார்த்தபடி, சும்மா கேட்பதுபோல் கேட்டாள். "பாப்பா மூக்குல வெரல் வெச்சியே, அது யாரு சொல்லிக்குடுத்தா?"

"அம்மா."

"எந்த அம்மா?"

இப்படி ஒரு கேள்வியை ஏன் கேட்டோம் என்று அவளுக்கே தெரியவில்லை. எறும்புக்கு அது விசித்திரமாகப் படவில்லை. "கண்ண மூடிட்டு வர்ற அம்மா" என்றாள்.

உள்ளுக்குள் அடித்த மணி எது என்று அப்போது அவளுக்குப் புரிந்தது. குழந்தை திணறியதால் அவள் போய் நிற்கவில்லை. அவள் போய் நின்றதால்தான் குழந்தை திணறியது.

வீட்டில் கணவன் எழுந்து முகம் கழுவிக்கொண்டிருந்தான். அவள் எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னாள். அவன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே கேட்டான். முடிவில் சிரித்தான். "தூக்கத்துலயும் வேலை பாக்குறியா? ஓவர்டைம் கேட்டு எழுதிப் போடு."

அவள் சிரிக்கவில்லை. இன்றைக்கு வேலைக்குப் போக வேண்டாம் என்றாள். அவன் தயங்கினான். ஒரு நாள் சம்பளம் போய்விடுமே, ஒரு ராத்திரி நீ விழித்திருந்தால் போதாதா என்று கேட்டான்.

"தூங்கக் கூடாதுன்னுதாங்க தினமும் உக்காருறேன். எங்க முடியுது? நான் படுக்குற ரூம்ல அவ இருக்கக் கூடாது. நீங்க போறதா இருந்தா அவளையும் பேக்கரிக்குத் தூக்கிட்டுப் போங்க."

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். பிறகு போனை எடுத்து, தனக்கு வயிற்றுப்போக்கு என்று முதலாளியிடம் கூசாமல் பொய் சொன்னான். எறும்பை முன்னறையில் சோபாவில் படுக்கவைத்து, இடையிலிருந்த கதவைச் சாத்தி, அதற்கு முட்டாக மேஜையை நகர்த்தினான். குழந்தைக் கட்டிலில் அவன் உடம்பு கொள்ளவில்லை. அதனால் கட்டிலை ஓரம் தள்ளிவிட்டு, அதே இடத்தில் எறும்பின் மெத்தையைத் தரையில் விரித்து முழங்காலை மடக்கிப் படுத்தான். போர்வை அவன் இடுப்பு வரைக்குமே வந்தது. அதைப் பார்த்து அவளுக்கு ஒரு கணம் சிரிப்பு வந்தது. தூங்கவே கூடாது என்று நினைத்துக்கொண்டு தன் கட்டிலில் படுத்தாள்.

கண் விழித்தபோது ஜன்னலில் வெயில் அடித்தது. உடம்பு இறகுபோல் இருந்தது. எத்தனையோ நாட்களுக்குப் பிறகு ஒரு முழு இரவு தூங்கியிருந்தாள். தரையில் மெத்தை காலியாகக் கிடந்தது. எல்லாம் வீண் பயம், இனி இதைச் சொல்லிச் சொல்லியே அவன் மானத்தை வாங்குவான் என்று நினைத்தபடி சமையலறைக்குப் போனாள்.

அடுப்பில் வெறும் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. அவன் அதையே பார்த்துக்கொண்டு நின்றான். மேலுதட்டில் பிறை நிலா மாதிரி ஒரு நகக்குறி.

"எந்திரிச்சேனா?" என்றாள்.

அவன் அடுப்பை அணைத்தான். "மொதல்ல எனக்குச் சிரிப்புதான் வந்துச்சு. விரல நக்குற, என் மூக்குல காட்டுற. சரி, பாப்போம்னு சும்மா கிடந்தேன். அப்புறம் கட்டைவிரல மூக்குல வெச்ச. உள்ளங்கை வாயில."

"தட்டி விட்டிருக்கலாமே."

"தட்டினேன். திரும்ப வந்துச்சு. பேரு சொல்லிக் கூப்பிட்டேன், கேக்கல. நான் தூக்கிப் போட்டா நீ எழுந்திருப்ப. ஆனா நான் மனசுல என்ன நெனச்சேன்னா, என் பலம் எனக்கு இருக்கு, எறும்புக்கு என்ன இருக்குன்னு." மேலுதட்டைத் தடவிக்கொண்டான். "அதனால அவ என்ன பண்ணுவாளோ அதையே பண்ணேன், மூச்சப் புடிச்சுக்கிட்டேன். காத்து நின்னதும் கைய எடுத்துட்ட. கன்னத்துல ஒரு வட்டம் போட்ட. போய்ப் படுத்துட்ட. அவ்வளவுதான்."

அவளுக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. போன மாதத்திலிருந்து எறும்பு முன்னைப்போல் அத்தனை தடவை எழுவதில்லை. சில இரவுகளில் அழுகையே இருப்பதில்லை. டாக்டர் சொன்னது பலிக்கிறது என்று அவள் அக்காவிடம் சொல்லியிருந்தாள்.

அவள் முன்னறைக்குப் போனாள். மேஜை ஏற்கெனவே நகர்த்தப்பட்டிருந்தது. எறும்பு சோபாவில் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது, போர்வை மெல்ல ஏறி இறங்கியது. நழுவிய போர்வையைச் சரி செய்ய அவள் குனிந்தாள். அவள் நிழல் குழந்தையின் முகத்தில் விழுந்தது.

போர்வை நின்றது.

எறும்பு விழிக்கவில்லை. இமைகூட அசையவில்லை. வாய் மட்டும் மூடிக்கொண்டது. ஆழ்ந்த தூக்கத்தில், யாரோ சொல்லிவைத்ததுபோல், மூச்சில்லாமல் காத்துக்கிடந்தாள்.

இவள் குனிந்தபடியே நின்றாள். "பின்னால வா" என்றான் அவன் கதவருகிலிருந்து. "தள்ளி வா, மெதுவா."

அவள் ஓரடி எடுத்துவைத்தாள். போர்வை அசையவில்லை. இன்னும் ஓரடி. நிழல் குழந்தையின் முகத்தைவிட்டு, தலையணையைவிட்டு, சோபாவைவிட்டு இறங்கித் தரைக்கு வந்தது. அவள் முதுகு சுவரில் முட்டியபோது எறும்பு நீளமாக ஒரு மூச்சு இழுத்தாள். போர்வை மறுபடி ஏறி இறங்கத் தொடங்கியது.

அவள் அங்கிருந்து நகராமல், குழந்தைக்குக் கேட்டுவிடாத குரலில் சொன்னாள்.

"கடை திறந்ததும் ஒரு தாழ்ப்பாள் வாங்கிட்டு வாங்க. நான் படுக்குற ரூமுக்கு. வெளிப்பக்கம் வெக்கிற மாதிரி."