டெல்மர் ஹௌகனின் வாசலில் கறுப்புக் குஞ்சுகள்

மே மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை, பட்டப்பகலில், மீன்குஞ்சுகள் ஆற்றை விட்டுக் கிளம்பி டெல்மர் ஹௌகனின் பின்னாலேயே அவருடைய வீடுவரை வந்து, வாசல் புல்வெளிக்கு மேல் இடுப்பளவு உயரத்தில் காற்றில் நின்றுகொண்டன. கொசுவை விடக் கொஞ்சம் பெரியவை, மை போலக் கறுப்பு, ஆயிரக்கணக்கில் இருக்கும். அன்று மரக்கடையில் பைன் பலகை விலை ஏறியிருந்தது. ஊரில் அதைப் பற்றித்தான் அதிகம் பேசினார்கள்.

விஸ்கான்சினின் வடகோடியில் இருக்கும் கிரானைட் பெண்ட் என்ற எங்கள் ஊரில் ஆண்பிள்ளைகளுக்கு மூன்று மதங்கள். ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் ஒரே லூதரன் கோயிலுக்குத்தான் போகிறார்கள். அது வேறு விஷயம். நான் சொல்வது ஸ்மால்மவுத் பாஸ் பிடிக்கிற மதம். அந்த மீனை நாங்கள் சின்னவாயன் என்போம். தவளை போலத் தண்ணீர்மேல் தத்துகிற மரக்கட்டை இரைக்குத்தான் சின்னவாயன் வரும் என்பது ஒரு கட்சி; அதற்குத் தலைவர் ஏர்ல் நைகார்ட். உயிருள்ள அட்டையை முள்ளில் கோப்பவர்கள் இன்னொரு கட்சி. அவர்களை மற்ற இரண்டு கட்சிக்காரர்களும் மனிதராகவே மதிப்பதில்லை. மூன்றாவது, ரப்பரில் செய்த கொடுக்கு இறாலை ஆற்றின் அடியில் கல்லோடு கல்லாக இழுக்கிறவர்கள். டெல்மர் அந்தக் கட்சியின் போப்பாண்டவர். தண்ணீர் தெளிவாக இருந்தால் பூசணிப் பச்சை, கலங்கியிருந்தால் கறுப்பில் நீலப்பொடி, மேகம் போட்டால் பழுப்பு என்று கண்ணை மூடிக்கொண்டு ஒப்பிப்பார். அவருடைய கார் ஷெட்டில் ரப்பர் இறால்கள் தரையிலிருந்து கூரைவரை அடுக்கியிருந்ததால் கார் பனியில் கிடந்து துருப்பிடித்தது. எங்கள் ஆற்றில் எந்தக் கல்லைப் புரட்டினாலும் நிஜமான கொடுக்கு இறால் சும்மாவே கிடைக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மீன் கிடைக்காத நாளில் அவரவர் இரையின் நிறத்தைக் குறை சொல்வார்கள். ஆடத் தெரியாதவள் தெருக் கோணல் என்றாளாம்.

இவர்களில் ஒருவராவது தன் வீட்டை அந்த ஆற்றைப் பார்த்த அளவுக்குப் பார்த்திருந்தால் நான் இவ்வளவு பேசமாட்டேன். டெல்மரின் மகள் ரோண்டா பிறந்தது மீன்பிடி சீசன் தொடங்கிய காலையில். தண்ணீரின் சூடு சரியாக இருக்கிறது, அதை விட முடியாது என்று சொல்லிப் போனவர், பிள்ளையைப் பார்க்க ஆஸ்பத்திரிக்கு வந்தபோது நர்ஸ் மூக்கைப் பொத்திக்கொண்டாள். ரோண்டா பள்ளிக்கூடம் போக ஆரம்பிக்கும் முன்பே அவருடைய மனைவி ஜெனீவா பெண்ணைத் தூக்கிக்கொண்டு கிரீன் பேயில் இருக்கும் தன் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். அவர்கள் போனதை டெல்மர் கண்டுபிடித்தது சில நாள் கழித்து, அதுவும் ரொட்டி தீர்ந்துபோனதால். ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பார்கள். டெல்மர் ஊரான் பிள்ளையையும் ஊட்டவில்லை. அவர் பிள்ளை எப்படியோ தானே வளர்ந்து, ஒரு பல் மருத்துவரிடம் வேலைக்குச் சேர்ந்து, கிறிஸ்துமஸுக்கு ஒரு வாழ்த்து அட்டை மட்டும் அனுப்பிக்கொண்டிருந்தது.

சின்னவாயன் அப்படி இல்லை. வசந்தத்தில் ஆண்மீன் வாலால் கூழாங்கல்லைப் பெருக்கித் தட்டு மாதிரி ஒரு கூடு செய்யும். பெண்மீன் வந்து முட்டையிட்டுவிட்டுத் தன் வழியே போய்விடும். முட்டை பொரிந்து கறுப்புக் குஞ்சுகள் பிழைத்துப் போகிறவரை அப்பன்தான் காவல். சாப்பாட்டை மறந்து, நெருங்குகிற எதையும் முட்டித் தள்ளிக்கொண்டு நிற்கும். கூட்டில் நிற்கிற மீனைப் பிடிப்பதைச் சட்டம் தடுக்கவில்லை, வெட்கம்தான் தடுக்கவேண்டும். அந்தச் சனிக்கிழமை, வில்மா சோபொட்டாவின் மதுக்கடை நடத்துகிற மீன்பிடிப் போட்டியில், முதல் பரிசான புகைபோட்ட பன்றித்தொடைக்காக, டெல்மர் அந்த வெட்கத்தைப் படகில் வைத்துவிட்டுத் தூண்டிலை வீசினார். பூசணிப் பச்சை ரப்பர் இறால் கூட்டின் நடுவில் விழுந்து ஊர்ந்தது. அப்பன்மீன் அதை வாயால் கவ்வி எடுத்து வெளியே துப்பியது. மறுபடி வீசினார், மறுபடி துப்பியது. மூன்றாவது முறை முள் உதட்டில் ஏறிவிட்டது. அது பசியில் கடிக்கவில்லை. தொட்டிலுக்குள் வந்த பாம்பைத் தூக்கி எறியப்போனவனைப் பாம்பும் கையுமாகப் பிடிப்பதுபோல, இவர் அதைப் பிடித்தார். இந்த உபாயத்துக்குத்தான் எங்கள் ஊரில் நுணுக்கம் என்று பெயர்.

வில்மாவின் படித்துறை ஆற்றோட்டத்தில் வெகுதூரம் கீழே இருக்கிறது. அங்கே எடைபோட்டு, படம் எடுத்து, அங்கேயே தண்ணீரில் விடுவது வழக்கம். வில்மா மீனின் தேய்ந்த வாலைப் பார்த்தாள்.

"என்ன டெல்மர், கூட்டுல நின்ன அப்பன தூக்கிட்டு வந்திருக்க?"

"பிடிச்சேன், எடை போட்டேன், விட்டுட்டேன். அதுக்கு இப்ப என்ன கெட்டுப்போச்சு?"

"ஒண்ணும் கெடலப்பா. தொடையத் தூக்கிட்டுப் போ, நல்லா வேகவச்சுத் தின்னு."

அடுத்த மீனைப் பார்த்துவைக்க அவர் அதே இடத்துக்குத் திரும்பியபோது, பாறையிடுக்கில் பதுங்கிக் குஞ்சு திருடுகிற கல்மீன்கள் கூட்டை வழித்துத் தின்றுகொண்டிருந்தன. மிச்சமிருந்த குஞ்சுகள் கரையோரத் தண்ணீரில் விழுந்த அவருடைய நிழலுக்குள் வந்து ஒண்டின. அவர் நடந்தார்; அவையும் தண்ணீரை விட்டு எழும்பிக் கூடவே வந்தன. வீட்டில் கதவைச் சாத்தினால் சாவித்துவாரம் வழியாகப் புகை போல நுழைந்தன. வாளியில் பிடித்துப்போய் ஆற்றில் கொட்டினால், அவருக்கு முன்பாகவே வீடு வந்து சேர்ந்தன. சாயங்காலம் கல்மீன்களும் ஆற்றிலிருந்து கிளம்பி, சாலையோரச் சாக்கடைக்கு மேலாகக் காற்றில் நீந்தி, தபால்பெட்டியைச் சுற்றிக்கொண்டு வந்தன. முதல் கல்மீன் ஒரு வாய் குஞ்சுகளை அள்ளியபோது, காபிக் கோப்பையோடு உள்ளே உட்கார்ந்திருந்த டெல்மர், எழுந்தது தெரியாமலே புல்வெளியில் இரண்டு கைகளையும் விரித்து நின்று அதைத் தோளால் முட்டிக்கொண்டிருந்தார்.

அதன் பிறகு அவர் வாசலை விட்டு நகரவில்லை. ஆறு அவர் வாழ்நாளிலேயே மிக நன்றாக மீன் கொடுத்த வாரம் அது. அவர் ஒரு தரம்கூட அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. வெள்ளிக்கிழமை வில்மா கொடுத்தனுப்பிய பொரித்த மீன் தட்டு படிக்கட்டில் ஆறிப்போய்க் கிடந்தது. கண்கள் சின்னவாயனுடையதைப் போலவே சிவந்துவிட்டன. மீன்வளத்துறை அதிகாரி வந்து பார்த்து, தண்ணீருக்கு வெளியே இருக்கும் மீன் தன் பொறுப்பில் வராது என்று சொல்லிவிட்டுப் போனார். பாதிரியார், இதற்கு விரோதமாக வேதத்தில் எதுவும் இல்லை என்றார். ஏர்லும் அவர் கூட்டாளிகளும் மடக்கு நாற்காலி கொண்டுவந்து தெருவோரத்தில் போட்டுக்கொண்டு பீர் குடித்தபடி வேடிக்கை பார்த்தார்கள்.

அடுத்த சனிக்கிழமை ரோண்டா வந்தாள். வில்மா ஃபோனில் சொன்னதை அவள் நம்பவில்லை. கண்ணால் பார்த்துவிட்டுப் போகத்தான் வந்தாள்.

"நீயா? வீட்டுலயா? அதுவும் இந்த மாசத்துலயா?"

"இதுங்கள விட்டுட்டு எப்படிம்மா போறது? கொஞ்சம் நகந்தாலும் தின்னுடுதுங்க."

"ஓ. இதெல்லாம் உனக்குத் தெரியுமாப்பா?"

அதற்குள் ஒரு கல்மீன் வேலிப்பக்கமாக வந்துவிட்டது. டெல்மர் அதை முட்டித் தள்ளப் போய்விட்டார். ரோண்டா காரில் ஏறி உட்கார்ந்தாள். சாவியைப் போட்டாள், ஆனால் வண்டியைக் கிளப்பவில்லை.

ஏர்ல் அன்று தன் மதத்தையே விட்டுக்கொடுத்திருந்தார். ஆயுளில் ரப்பரைத் தொடாத மனிதர், கடைக்குப் போய்ப் பூசணிப் பச்சையில் ஒரு கொடுக்கு இறாலை வாங்கிக் கட்டிக்கொண்டு, தெருவிலிருந்து டெல்மரின் புல்வெளிக்குள் வீசினார். டெல்மருக்கு அது ரப்பர் என்று தெரியும். எந்தக் கம்பெனி செய்தது, எந்த வருஷத்து அச்சு என்பதும் தெரியும். "இந்த வெயிலுக்குப் போய் அந்த நெறத்தையா கட்டுவ, கூமுட்டை" என்றுகூடச் சொன்னார். பிறகு அது குஞ்சுகளுக்குக் கீழே புல்லில் ஊர்ந்தது. காலால் எற்றினார். மறுபடி வந்து விழுந்தது, மறுபடி எற்றினார். மூன்றாவது முறை அது குஞ்சுகளின் நடுவிலேயே விழுந்தபோது, தனக்குக் கை இருப்பதை மறந்து, மண்டியிட்டு அதை வாயால் கவ்வி எடுத்தார். ஏர்ல் தூண்டிலைச் சுண்டினார்.

ஊர் அப்படிச் சிரித்ததே இல்லை. டெல்மர் இரண்டு தரம் ஆளுயரத்துக்குத் துள்ளினார்; அதற்குப் பிறகு தூண்டில் நரம்பு இழுத்த இழுப்புக்குப் போனார். அவரைப் படகில் ஏற்றி வில்மாவின் படித்துறைக்குக் கொண்டுபோய், எடைபோட்டு, பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள்.

"விடுங்கடா, அங்க குஞ்சுங்க தனியா இருக்கு" என்றார் டெல்மர், வாயில் முள்ளோடு.

"விடத்தானே போறோம்" என்றார் ஏர்ல். "பிடிச்சோம், எடை போட்டோம், விட்டுட்டோம். அதுக்கு இப்ப என்ன கெட்டுப்போச்சு?"

முள்ளைப் பிடுங்கி, வழக்கப்படி அவரைத் தண்ணீரில் விட்டார்கள். சாலை வழியாக ஓடிப்போகலாம் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. வெள்ளத்துக்கு எதிராக, அருவிப் பாறைகளுக்கு இடையில் புகுந்து, ஆற்று வழியாகவே வீட்டுக்கு நீந்தினார்.

அவர் போய்ச் சேர்ந்தபோது, ரோண்டா பனி அள்ளும் மண்வாரியை ஓங்கிப் பிடித்துக்கொண்டு புல்வெளியின் நடுவில் நின்றாள். ஒரு காலில் செருப்பு இல்லை. அவளைச் சுற்றிக் கல்மீன்கள் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தன. குஞ்சுகள் அவளுடைய பாவாடை மடிப்புகளுக்குள் ஒண்டியிருந்தன. மேகம் போலிருந்த குஞ்சுக் கூட்டம் பாதியாக இளைத்திருந்தது.

"பாதி போச்சு" என்றாள். அவளுக்கு மூச்சு வாங்கியது. "கொஞ்ச நேரம்தான்ப்பா நீ இல்ல. அதுக்கே பாதி போச்சு."

டெல்மரின் உதடு கிழிந்து தொங்கியது. நனைந்த உடையோடு போய் அவளுக்கு மறுபக்கத்தில் கைகளை விரித்துக்கொண்டு நின்றார். இருட்டுகிறவரை இருவரும் அப்படியே நின்றார்கள்.

ஜூன் மாத நடுவில் குஞ்சுகள் பச்சை நிறத்துக்கு மாறி, ஒரு மழைநாளில் சாலையோரமாகத் தனித்தனியே ஆற்றுக்குப் போய்விட்டன. ஒன்றுகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அதற்காக அவற்றை யாரும் குறை சொல்லவில்லை. கார் ஷெட்டில் இருந்த ரப்பரையெல்லாம் டெல்மர் குப்பைக் கிடங்கில் கொட்டினார். ஏர்லின் ஆட்கள் அன்று மத்தியானமே அதைப் பொறுக்கிக்கொண்டு போனார்கள். அடுத்த மே மாதப் போட்டியில் கூட்டிலிருந்து மூன்று அப்பன்மீன்கள் பிடிபட்டன. அந்தக் குஞ்சுகளும் நேராக டெல்மர் வாசலுக்கே வந்தன. இப்போது வருஷா வருஷம் வருகின்றன. திருந்துவது எங்கள் ஊர் வழக்கம் இல்லை. அதனால் வாசலில் குஞ்சுக் கூட்டம் குறைந்ததும் இல்லை. அந்தத் தெருவில் மே கடைசியில் வண்டியை மெதுவாக ஓட்டவேண்டும் என்று பஞ்சாயத்தில் ஒரு பலகை வைத்திருக்கிறார்கள். பள்ளிக்கூடப் பேருந்து நின்று, மேகம் சாலையைக் கடந்த பிறகு போகும்.

சனிக்கிழமைகளில் ரோண்டா கிரீன் பேயிலிருந்து வருகிறாள். அப்பாவை மன்னித்துவிட்டாள் என்று ஊரில் ஒரு பேச்சு. ரப்பரை இறால் என்று நம்புகிற ஊர், எதைத்தான் நம்பாது? முதல் வருஷமே படிக்கட்டில் காலை வைத்தபோது அவள் கறாராகச் சொல்லிவிட்டாள்.

"நான் உனக்காக வரலப்பா. இதுங்களுக்காக வரேன்."

டெல்மர் தலையாட்டினார். மண்வாரியை அவளிடம் கொடுத்துவிட்டு, கல்மீன்கள் அதிகம் வருகிற தெருப்பக்கத்தைத் தான் எடுத்துக்கொண்டு, நகர்ந்து நின்றார்.