சொல் ஏறிய பிள்ளை

ஜெர்மனியின் ஸ்டுட்கார்டில் பிறேமாவின் ஒன்பது வயது மகள் நடாலி, ஒரு ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் தமிழ்ப் பூசை முடிந்து வீட்டுக்கு வருவதற்குள் ஆறு கிலோ கூடிவிட்டாள். உடம்பு பெருக்கவில்லை, அதே சட்டை, அதே அளவு. கூடியது பாரம் மட்டுந்தான். சனம் சொன்ன சொல்லெல்லாம் அவள்மேல் ஏறி உட்கார்ந்துவிட்டது. கோயில் மண்டபத்தில் யாகோப்பு அண்ணை, "பிள்ளை நல்லா உடம்பு வைச்சிட்டா, பிறேமா. சோத்தைக் குறையும்" என்றார். அதே கையால் பிள்ளையின் தட்டில் பொரித்த ரோல்ஸ் இரண்டாவதையும் வைத்தார். "ஒண்டுதானே, சாப்பிடு ராசாத்தி." வேண்டாம் என்றால் கோபித்துக்கொள்வார். பற்றிமா அக்காவும் அப்படித்தான்: ஓர் அறிவுரை, ஓர் அகப்பை பிரியாணி. பிரியாணி செரித்தது, அறிவுரை செரிக்கவில்லை.

மருத்துவர் இனிப்பைக் குறைக்கச் சொல்லச் சொல்ல, நடாலி நின்ற தராசின் முள் ஏறியது. அவர் அதைக் குறித்துக்கொண்டு அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டார். வீடு மூன்றாம் மாடியில், பழைய மரத்தளம். குளிர்காலம் முடிவதற்குள் நடாலியின் கட்டிலுக்குக் கீழே பலகை கிண்ணம்போல் வளைந்தது. கீழ்வீட்டுக்காரர் தன் மேசையைச் சுவரோரம் நகர்த்திவைத்தார், வேறொன்றும் செய்யவில்லை. பிறேமா வேலையிடத்திலும் பலகை முறியும் சத்தத்துக்கே காது கொடுத்துக்கொண்டிருந்தாள். இன்னும் ஒரு சொல் விழுந்தால் பிள்ளை தளத்தோடு போய்விடும்.

வசந்தத்தில் பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம் நடந்தது. பார்க்க ஆளில்லாததால் நடாலியையும் கூட்டிப்போனாள். பருமனைத் தடுத்தே ஆகவேண்டும் என்பதில் எல்லோரும் ஒரே கருத்து. நடைவழியில் நிற்கும் சோடா இயந்திரத்தை எடுக்கலாமா என்று கேட்டபோது பிறேமாவின் கை மட்டும் உயர்ந்தது. அது பெற்றோரின் பொறுப்பு என்றார் ஒரு தகப்பன். "ஓம், வீட்டிலதான் கவனிக்கவேணும்" என்று ஒத்து ஊதினாள் வேணுஜா, அங்கிருந்த இன்னொரு தமிழ்த் தாய். நடாலியின் நாற்காலிக் கால் விரிந்தது.

பிறேமா எழும்பி முதலில் ஜெர்மனில் சொன்னாள், பிறகு வேணுஜாவைப் பார்த்துத் தமிழில். "என்ர பிழைதான். எல்லாம் என்ர பிழை. பிள்ளையை விடுங்கோ."

அது உண்மையில்லை என்று அவளுக்குத் தெரியும். பாரத்துக்குத் தெரியாது. ஒரு மூச்சில் அது மகளிடமிருந்து தாய்க்கு இடம் மாறியது. நடாலி படிகளில் குதித்து இறங்கினாள்.

அது நடந்து சில வருடங்கள் ஆகின்றன. இயந்திரம் அங்கேயே நிற்கிறது. நடாலியைப் பார்த்து யார் எது சொன்னாலும் தாயிடந்தான் போய்ச் சேர்கிறது. அவர்கள் இப்போது நிலமட்ட வீட்டில், சிமெந்துத் தரையில் இருக்கிறார்கள். மழை விட்டதும் பிறேமாவின் காலடிகள் பதிந்த நடைபாதைக் குழிகளில் தண்ணீர் நிற்கும். சனம் தாண்டிப் போகும். ஞாயிறுகளில் யாகோப்பு அண்ணை தட்டை நீட்டுகிறார். "கொஞ்சம் நடக்கவேணும் பிறேமா, எடும், ஒண்டுதானே." "ஓம் அண்ணை" என்று அவள் எடுத்துக்கொள்கிறாள். மண்டபத் தரையில் அவள் காலின் சப்பாத்து இன்னும் ஒரு விரல்கடை இறங்குகிறது.